அருங்காட்சியகத்தின் காசு பட்ஜெட் புத்தகத்தின் எந்த வரியில் குறைகிறது?

கடலூர் அரசு அருங்காட்சியகத்தை மூடுகிறோம் என்று எந்த அரசும் அறிவிக்கப் போவதில்லை. புதுச்சேரியில் பாரதி பூங்காவை ஒட்டி இருக்கும் அருங்காட்சியகத்துக்கும் அப்படித்தான். நிதி நெருக்கடி வந்தால் நடப்பது சத்தமில்லாத வேலை. பட்ஜெட் புத்தகத்தில் ‘பராமரிப்பு’ என்று அச்சிட்ட வரியில் போன வருஷம் இருந்த தொகை இந்த வருஷம் பாதியாகும். அடுத்த வருஷம் அந்த இடத்தில் ஒப்புக்கு ஆயிரம் ரூபாய் நிற்கும். ஊழியருக்குச் சம்பளம் வரும், விளக்கு எரியும், வாசல் திறந்திருக்கும். “மூடவில்லையே, அப்புறம் என்ன?” என்று கேட்டால் பதில் சொல்லத் திணற வேண்டியிருக்கும். அதனால் பதாகை எழுதுவதற்கு முன்னால், காப்பாற்ற வேண்டியது எந்த வரி என்று பார்த்துவிடலாம்.

அரசு எந்தச் செலவையும் ஓர் எண்ணின் கீழ்தான் எழுதும். அந்தக் கணக்குத் தலைப்புகள் நாடு முழுக்க ஒன்றுதான். கலை, பண்பாட்டுக்கு 2205. அதற்குள் 107 என்ற சிறுதலைப்பு அருங்காட்சியகங்களுக்கு. (103 தொல்லியல், 104 ஆவணக் காப்பகம், 105 பொது நூலகம். பக்கத்து வீட்டுக்காரர்களும் அதே தெருவில்தான் இருக்கிறார்கள்.) இது அன்றாடச் செலவு. புதுக் கட்டடம், புதுக் காட்சிக்கூடம் போன்ற மூலதனச் செலவு 4202இல், 04 என்ற பிரிவில், 106ஆம் சிறுதலைப்பில் வரும். கூரை ஒழுகினால் அந்தச் செலவு பெரும்பாலும் இந்த இரண்டிலும் இருக்காது. அரசுக் கட்டடங்களைப் பராமரிப்பது பொதுப்பணித் துறை, அதன் தலைப்பு 2059. “அருங்காட்சியகத்துக்கு இவ்வளவு ஒதுக்கியும் கூரையைச் சரி செய்யவில்லை” என்று அருங்காட்சியகப் பொறுப்பாளரான காப்பாட்சியரிடம் சண்டை போடுகிறவர்கள் பாதிப் பேர் தப்பான ஆளிடம் சண்டை போடுகிறார்கள்.

துறைவாரிச் செலவுக்கு அரசு சட்டமன்றத்தின் ஒப்புதல் கேட்கும் மானியக் கோரிக்கைப் புத்தகம் நிதித்துறை இணையதளத்தில் பிடிஎஃப்பாகவே கிடைக்கும். ஒவ்வொரு வரிக்கும் நெட்டுவாக்கில் நான்கு பத்தி: இரண்டு வருஷம் முந்தைய உண்மைச் செலவு, நடப்பு ஆண்டின் மதிப்பீடு, நடப்பு ஆண்டின் திருத்திய மதிப்பீடு, வரும் ஆண்டின் மதிப்பீடு. மேலே தொகை ஆயிரத்திலா லட்சத்திலா என்று பார்த்துக்கொள்ளுங்கள். செய்தித்தாளில் வருவது நான்காவது பத்தி. வெட்டு தெரிவது இரண்டாவதுக்கும் மூன்றாவதுக்கும் நடுவில். மார்ச்சில் தாராளமாகப் போட்டுவிட்டு டிசம்பரில் திருத்திய மதிப்பீட்டில் எடுத்துவிடுவது பழைய வழக்கம். அது எந்தப் பேப்பரிலும் செய்தியாக வராது. ஒரு வரியில் வெறும் ‘1’ என்று இருந்தால் அது அச்சுப்பிழை இல்லை. தலைப்பு உயிரோடு இருக்கட்டும், காசு இல்லை என்பதற்கான அடையாள ஒதுக்கீடு.

அருங்காட்சியகத் தலைப்பைப் பிரித்துப் பார்த்தால் பெரிய பங்கு சம்பளம், படிகள். அதில் யாரும் கை வைக்க முடியாது, காலிப் பணியிடத்தை நிரப்பாமல் விடலாம், அவ்வளவுதான். ஆகவே ‘எல்லாச் செலவிலும் 20 சதவீதம் குறைக்கவும்’ என்று ஆணை வந்தால், அந்தச் சுமை முழுக்க மீதியுள்ள சின்ன வரிகளின் தலையில் விழும்: அலுவலகச் செலவு, பராமரிப்பு, பொருள்கள், இயந்திரங்கள், ஒப்பந்தக் காவலர், துப்புரவு. 2020 மே மாதம் கொரோனா நேரத்தில் தமிழக அரசு போட்ட சிக்கன ஆணை இந்த மாதிரிதான். அலுவலகச் செலவில் 20 சதவீதம் குறைப்பு, புதுப் பணியிடங்களுக்குத் தடை. ஆயிரக்கணக்கில் ஊழியர் இருக்கும் துறை இதைத் தாங்கிக்கொள்ளும். ஒரு காப்பாட்சியர், அவரும் பக்கத்து மாவட்டத்துக்குக் கூடுதல் பொறுப்பு என்று இருக்கும் இடத்தில் தாங்காது.

அந்தச் சின்ன வரிகள் என்ன வேலை செய்கின்றன என்பதை ஒரு செப்புத்திருமேனியை, அதாவது வெண்கலச் சிலையை, வைத்துப் பார்க்கலாம். கடலூரும் புதுச்சேரியும் கடலோரம். ஆண்டின் பெரும்பகுதி காற்றில் ஈரப்பதம் 70 சதவீதத்துக்கு மேல், உப்பும் சேர்த்து. மண்ணில் பல நூற்றாண்டு கிடந்த வெண்கலத்தின் பச்சைப் படலத்துக்கு அடியில் குளோரைடு ஒளிந்திருக்கும். ஈரமும் ஆக்சிஜனும் கிடைத்ததும் அது அமிலமாகி உலோகத்தைத் தின்னும். தின்றதில் மறுபடி குளோரைடு உண்டாகும், மறுபடி தின்னும். கண்ணுக்குத் தெரிவது பீடத்தின் மடிப்பிலும் விரலிடுக்கிலும் மாவு மாதிரி வெளிர்பச்சைப் பொடி. பழைய பச்சைப் படலம் கெட்டியாக, கரும்பச்சையாக, வழவழப்பாக இருக்கும். அது நல்லது, அதைத் தேய்க்கவே கூடாது. விரல் பட்டால் ஒட்டிக்கொள்ளும் வெளிர்பச்சைதான் நோய். பெட்டிக்குள் ஈரப்பதம் 45 சதவீதத்துக்குக் கீழே இருந்தால் இது உறங்கும். 55ஐத் தாண்டினால் விழித்துக்கொள்ளும்.

உறங்க வைக்கத் தேவை ஈரத்தை உறிஞ்சும் சிலிக்கா ஜெல். ஒரு கன மீட்டர் பெட்டிக்கு 20 கிலோ என்பது அருங்காட்சியகத் துறையில் வெகுகாலமாகச் சொல்லப்படும் கணக்கு. 150 செ.மீ. நீளம், 60 செ.மீ. அகலம், 90 செ.மீ. உயரமுள்ள பெட்டி என்றால் 0.81 கன மீட்டர், சுமார் 16 கிலோ. ஜெல் தீர்ந்து போகிற பொருள் இல்லை. நிறம் மாறியதும் எடுத்து 110 முதல் 120 டிகிரி வெப்பத்தில் சில மணி நேரம் காயவைத்தால் திரும்பப் பயன்படும். தீர்ந்து போவது மற்றவை: காயவைக்க ஓவன், அதற்கு மின்சாரம், மாற்றிவைக்க ஓர் ஆள், பெட்டிக் கதவின் ரப்பர் பட்டை. அந்தப் பட்டை காய்ந்து வெடித்திருந்தால் எத்தனை கிலோ ஜெல் வைத்தாலும் சில நாளில் ஊறிப்போகும். பட்டையின் விலை சில நூறு ரூபாய். அது இருக்கும் இடம் பராமரிப்பு வரி. நோய் முற்றிவிட்டால் உருப்பெருக்கியின் கீழே பொடியைச் சுரண்டி எடுத்து, எத்தனாலில் கரைத்த, அரிப்பைத் தடுக்கும் 3 சதவீத பென்சோடிரையசோல் கரைசலில் ஊறவைத்து, மேலே பாராலாய்டு பி-72 என்ற காப்புப் பிசினைப் பூச வேண்டும். இது எழும்பூர் அரசு அருங்காட்சியகத்தின் வேதிப் பாதுகாப்புக்கூடம் போன்ற இடத்தில் பயிற்சி பெற்றவர் கையுறை போட்டுச் செய்யும் வேலை. சில நூறு ரூபாயை மிச்சம் பிடித்ததற்குச் செலவு இதில் வந்து நிற்கும். சுரண்டியதில் போன விரல்நுனி எந்த ஒதுக்கீட்டிலும் திரும்பாது.

மின்கட்டணத்தைக் குறைக்கிறோம் என்று காலை பத்து முதல் மாலை ஐந்து வரை மட்டும் ஏசி போடுவது இன்னொரு பொய்ச் சிக்கனம். பகலில் ஈரம் இறங்கி ராத்திரியில் ஏறினால் மரம் தினமும் சுருங்கி விரியும். புதுச்சேரி அருங்காட்சியகத்தில் இருக்கும் பிரெஞ்சுக் கால நாற்காலி, மேசை, பல்லக்கு எல்லாம் இந்த ஆட்டத்தில்தான் இணைப்பு விட்டு வெடிக்கும். 24 மணி நேரமும் ஓட்ட முடியாது என்றால் ஏசியே வேண்டாம். காற்றோட்டமும் வெயில் மறைப்பும் இருந்தால் அதைவிட நல்லது. காகிதத்துக்கும் துணிக்கும் 50 லக்ஸ் வெளிச்சம் போதும். ஜன்னல் திரைக்குக் காசில்லை என்று விட்டுவிட்டால் நேர் வெயிலில் பல்லாயிரம் லக்ஸ்.

கூரையையும் சொல்ல வேண்டும். புதுச்சேரியின் பழைய கட்டடங்களில் பல மெட்ராஸ் டெரஸ்: மரச்சட்டத்தின் மேல் செங்கலைக் குத்துக்கல்லாக அடுக்கிச் சுண்ணாம்பில் கட்டியவை. கைப்பிடிச் சுவரில் முளைக்கும் அரசங்கன்றும், அடைத்துக்கொண்ட தண்ணீர்க் குழாய் வாயும்தான் இந்தக் கூரைக்கு எமன். கன்றைப் பிடுங்கிக் குழாய் வாயைச் சுத்தம் செய்வது செப்டம்பர் கடைசிக்குள் இரண்டு ஆள் ஒரு நாள் செய்யும் வேலை. 2011 டிசம்பர் 30இல் தானே புயல் கடலூரையும் புதுச்சேரியையும் என்ன செய்தது என்று யாருக்கும் சொல்ல வேண்டியதில்லை. 2024 நவம்பர் 30இல் ஃபெஞ்சல் கரை கடந்தபோது புதுச்சேரியில் ஒரே நாளில் 40 செ.மீ.க்கு மேல் கொட்டியது. குழாய் வாய் அடைத்திருக்கும் கூரை அதைத் தாங்காது.

இதற்கு நடுவில் சுமை மட்டும் சட்டப்படியே ஏறிக்கொண்டிருக்கிறது. 1878ஆம் ஆண்டின் இந்தியப் புதையல் சட்டப்படி மண்ணுக்கடியில் கிடைக்கும், பத்து ரூபாய்க்கு மேல் மதிப்புள்ள எதையும் ஆட்சியருக்குத் தெரிவிக்க வேண்டும். வயலில் பள்ளம் தோண்டும்போது அகப்படும் சிலை தாலுகா அலுவலகம் வந்து, அங்கிருந்து அருங்காட்சியகம் வரும். இடமில்லை, காசில்லை என்று காப்பாட்சியர் அதைத் திருப்பி அனுப்ப முடியுமா? பண்ருட்டி பக்கம் மருங்கூரில் 2024இல் மாநிலத் தொல்லியல் துறை அகழாய்வு தொடங்கியது. புதுச்சேரி பக்கம் அரிக்கமேடு 1945இல் வீலர், அடுத்து கசால், 1989 முதல் 1992 வரை விமலா பெக்லி என்று மூன்று தலைமுறைத் தொல்லியலாளர்கள் தோண்டிய இடம். தோண்டுவதற்கு ஒரு தடவை செலவு. எடுத்ததை வைத்திருக்க வருஷா வருஷம் செலவு. இந்த இரண்டாவதைத்தான் யாரும் கேட்பதில்லை.

கேட்பதற்குக் காலம் உண்டு. பிப்ரவரி, மார்ச்சில் மனு கொடுப்பது கல்யாணம் முடிந்த பிறகு பந்தல் போடுவது போல. தமிழ்நாட்டில் மாவட்டத்திலிருந்து எழும்பூரிலுள்ள அருங்காட்சியகத் துறைத் தலைமையகத்துக்குத் தேவைப் பட்டியல் போவது மழைக்காலத்துக்கு முன்னால். துறைத் தலைவர் நிதித்துறைக்கு மதிப்பீட்டு விவரம் அனுப்புவது அக்டோபர், நவம்பர் வாக்கில். திருத்திய மதிப்பீட்டுப் பேச்சு டிசம்பர், ஜனவரியில். எனவே உங்கள் தாள் ஆகஸ்டு கடைசிக்குள் காப்பாட்சியர் மேசையிலும், அதே வாரம் எழும்பூரிலும் இருக்க வேண்டும். டிசம்பர் முதல் வாரத்தில் நினைவூட்டல் ஒன்று. தேர்தல் வருஷம் தனிக் கணக்கு. 2021இல் மே மாதம் புது ஆட்சி வந்து, திருத்திய பட்ஜெட் ஆகஸ்ட் 13இல் தாக்கலானது. அந்த மாதிரி வருஷத்தில் ஜூன் மாதம் இரண்டாவது வாய்ப்பு.

புதுச்சேரிக்கு முறை வேறு. 1963ஆம் ஆண்டு யூனியன் பிரதேச அரசுச் சட்டப்படி, பட்ஜெட்டைச் சட்டசபையில் வைப்பதற்கு முன் குடியரசுத் தலைவரின் ஒப்புதல் வேண்டும், நடைமுறையில் கோப்பு டெல்லி உள்துறைக்குப் போய் வர வேண்டும். பல ஆண்டுகள் மார்ச்சில் இடைக்கால ஒதுக்கீடு மட்டும் நிறைவேற்றி, முழு பட்ஜெட் ஜூலை, ஆகஸ்டில் வந்திருக்கிறது. இடைக்கால ஒதுக்கீட்டில் இருப்பதை நடத்தலாம், புதிதாக எதையும் தொடங்க முடியாது. மழைக்கு முந்தைய கூரை வேலையை ‘புதுப் பணி’ என்று எழுதிவிட்டால் அது ஆகஸ்டு வரை தூங்கும், டெண்டர் முடிவதற்குள் ஐப்பசி வந்துவிடும். ‘தொடர் பராமரிப்பு’ என்று போட வைக்க வேண்டும்.

மனுவுக்கு முன்னால் தகவல் உரிமை விண்ணப்பம். தமிழ்நாட்டில் 10 ரூபாய் கோர்ட் ஸ்டாம்ப் ஒட்டினால் போதும், 30 நாளில் பதில் வர வேண்டும். வராவிட்டால் அடுத்த 30 நாளுக்குள் முதல் மேல்முறையீடு, அதற்கப்புறம் 90 நாளுக்குள் இரண்டாவது. கடலூருக்கு இரண்டாவது மேல்முறையீடு சென்னையிலுள்ள மாநிலத் தகவல் ஆணையம், புதுச்சேரிக்கு டெல்லியிலுள்ள மத்தியத் தகவல் ஆணையம். ‘ஏன் நிதி குறைந்தது’ என்று கேட்காதீர்கள். ‘ஏன்’ என்பது தகவல் இல்லை என்று ஒரு வரியில் திருப்பி அனுப்புவார்கள். ஆவணத்தைக் கேளுங்கள்: கடந்த ஐந்து ஆண்டில் செலவினத் தலைப்புவாரியாக மதிப்பீடு, திருத்திய மதிப்பீடு, உண்மைச் செலவு; ஒவ்வோர் ஆண்டும் நிதி விடுவித்த ஆணையின் தேதியும் நகலும்; மார்ச்சில் திருப்பி ஒப்படைத்த தொகை; அனுமதிக்கப்பட்ட பணியிடமும் காலியிடமும்; பொருள் பதிவேட்டில் உள்ள மொத்த எண்ணிக்கை, காட்சியில் உள்ளவை; கடைசியாக இருப்புச் சரிபார்த்த தேதி; மாதவாரிப் பார்வையாளர் எண்ணிக்கை. நிதி விடுவித்த தேதியைக் கட்டாயம் கேளுங்கள். மீதி எல்லாவற்றையும்விட அதில்தான் விஷயம் இருக்கிறது.

பிப்ரவரி கடைசியில் ஆணை வந்தால் என்ன நடக்கும் என்று கணக்குப் போடுங்கள். தமிழ்நாட்டு டெண்டர் விதிப்படி 2 கோடி வரையிலான டெண்டருக்கு விண்ணப்பிக்கக் குறைந்தது 15 நாள் அவகாசம். அதற்கு முன் மதிப்பீடு, பின் ஒப்பீட்டுப் பட்டியல், ஆணை, வேலை, பில். மார்ச் 31க்குள் முடியாது. தொகை காலாவதியாகும். அடுத்த வருஷம் நிதித்துறை கேட்கும் முதல் கேள்வி, “கொடுத்ததையே செலவழிக்கவில்லையே, எதற்கு இன்னும்?” பார்ப்பவர்களுக்கு அருங்காட்சியகம் சோம்பேறி. தேதியைக் கையில் வைத்திருந்தால்தான் அது தாமதமாக வந்த காசு என்று சொல்ல முடியும்.

மனு ஒரே பக்கம். அருங்காட்சியகத்தின் பெருமைக்கு ஒரு பத்தி போதும், சோழர் காலத்திலிருந்து தொடங்க வேண்டாம். வரியைப் பெயர் சொல்லிக் கேளுங்கள். மாதிரி இப்படி:

“2205–107 தலைப்பில் பராமரிப்பு, பொருள்கள் ஆகிய இரு வரிகளையும் சிக்கன ஆணையிலிருந்து விலக்கி, முதல் காலாண்டிலேயே முழுத் தொகையையும் விடுவிக்கக் கோருகிறோம். உலோகப் பொருள் வைத்த 12 பெட்டிகளுக்கு 192 கிலோ சிலிக்கா ஜெல், கதவுப் பட்டை மாற்றம், ஆறு ஈரப்பதப் பதிவுக் கருவிகள், ஆண்டுக்கு ஒருமுறை எழும்பூர் வேதிப் பாதுகாப்புக்கூட வல்லுநரின் ஆய்வு: மொத்தம் இத்தனை ரூபாய், விலைப்புள்ளி இணைப்பு. செய்யாவிட்டால் பாதிக்கப்படும் பொருள்கள், பதிவெண்ணுடன், இணைப்பு இரண்டில்.”

எண்கள் உங்கள் அருங்காட்சியகத்துக்கு ஏற்ப மாறும். பெட்டியை அளக்கக் காப்பாட்சியரின் அனுமதி கேளுங்கள், பெரும்பாலும் மகிழ்ச்சியாகவே கொடுப்பார்கள். அவர் அரசு ஊழியர், வெளியில் பேச முடியாது. அவருக்குத் தெரிந்ததை நீங்கள் எழுதினால் போதும், அவர் பெயரை மனுவில் இழுக்காதீர்கள்.

இந்தத் தாளை யாரிடம் கொடுப்பது? திங்கள்கிழமை குறைதீர் கூட்டத்தில் ஆட்சியரிடம் கொடுத்தால் அது எழும்பூருக்கு அனுப்பப்பட்டு ‘நடவடிக்கையில் உள்ளது’ என்று பதில் வரும். தப்பில்லை, ஒரு கோப்பு எண் கிடைக்கும். அதைவிடப் பலன் தருவது சட்டமன்றக் குழுக்கள். மனுக்கள் குழு, பொதுக் கணக்குக் குழு, அரசு உறுதிமொழிக் குழு எல்லாம் மாவட்டங்களுக்கு வரும். மனுக்கள் குழு வருமுன் பொதுமக்களிடம் மனு கேட்டு அறிவிப்பும் வரும். உறுதிமொழிக் குழுவிடம், முன்பு சபையில் அமைச்சர் சொன்ன வாக்கியத்தைத் தேதியோடு காட்டினால் துறை பதில் சொல்லியாக வேண்டும். உங்கள் எம்.எல்.ஏ. எதிர்க்கட்சி என்றால் மானியக் கோரிக்கை விவாதத்தில் வெட்டுத் தீர்மானம் கொடுக்கச் சொல்லலாம். ஒதுக்கீட்டில் 100 ரூபாயைக் குறைக்கக் கோரும் அடையாளத் தீர்மானம் அது. காசு போதவில்லை என்று சொல்ல நூறு ரூபாயைக் குறைக்கச் சொல்வது வேடிக்கைதான். ஆனால் குறை அச்சில் ஏறும்.

டிக்கெட் வசூலைக் காட்டி வாதாடாதீர்கள். அந்தப் பணம் 0202 என்ற வரவுத் தலைப்பில் அரசின் பொது நிதிக்குப் போகிறது, அருங்காட்சியகம் அதைத் தொட முடியாது. வசூலைப் பேசினால் ‘அப்படியானால் கட்டணத்தை ஏற்றுவோம்’ என்பதில்தான் முடியும், பள்ளிப் பிள்ளைகள் வருவது நிற்கும்.

‘மத்திய அரசுத் திட்டத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்’ என்பதும் அடிக்கடி வரும் பதில். கலாசார அமைச்சகத்தின் அருங்காட்சியக மானியத் திட்டம் காட்சிக்கூடம் புதுப்பித்தல், எண்ணிம ஆவணமாக்கல் போன்ற ஒருமுறைச் செலவுக்கு. மாநிலமும் தன் பங்கைப் போட வேண்டும். சம்பளமும் மின்கட்டணமும் அதில் வராது. மாவட்ட அருங்காட்சியகம் அரசியல் சட்டத்தின் ஏழாவது அட்டவணை, மாநிலப் பட்டியல், 12ஆம் இனம். அன்றாடச் செலவு மாநிலத்தின் கடமை என்பதை மனுவிலேயே எழுதிவிடுங்கள். பழைய மானியத்தைச் செலவழித்ததற்கான பயன்பாட்டுச் சான்றிதழ் நிலுவையில் இருந்தால் அடுத்த தவணை நகராது. அதையும் தகவல் உரிமையில் கேட்டுவிடுவது நல்லது.

கம்பெனிகளின் சமூகப் பொறுப்பு நிதியும் உண்டு. 2013ஆம் ஆண்டு கம்பெனிச் சட்டத்தின் ஏழாவது அட்டவணையில் பாரம்பரியம், கலை, பண்பாட்டுப் பாதுகாப்புக்கும் இடமிருக்கிறது. கடலூர் மாவட்டத்தில் நெய்வேலியின் என்எல்சி நிறுவனம் இருக்க, கேட்க ஆளில்லை என்று சொல்ல முடியாது. 1996இல் அமைத்த தேசிய கலாசார நிதியம் வழியாகவும் நன்கொடை வரலாம். ஆனால் கேட்கும்போது பெட்டி, பதிவுக் கருவி, ஓவன், ஆவணமாக்கல் என்று ஒருமுறை வாங்கும் பொருளாகக் கேளுங்கள். ஜெல் மாற்றும் ஆளின் கூலியை மூன்று வருஷம் கம்பெனி கொடுத்தால், அரசுப் புத்தகத்தில் அந்த வரி ‘1’ ஆகிவிடும். நான்காவது வருஷம் கம்பெனி வேறு திட்டத்துக்குப் போனதும், வரியை மறுபடி உயிர்ப்பிக்கப் புதுத் திட்ட ஒப்புதலே வாங்க வேண்டியிருக்கும்.

பட்ஜெட்டில் தொகை வந்துவிட்டது என்று தெரிந்தால் ஜூன் கடைசியில் நிதி விடுவித்த ஆணையின் நகலுக்கு மறுபடி ஒரு பத்து ரூபாய் விண்ணப்பம் போடுங்கள். அது வந்திருந்தால் செப்டம்பருக்குள் குழாய் வாயைச் சுத்தம் செய்ய ஆள் வந்தாரா என்று நேரில் போய்ப் பாருங்கள்.